ஒரு சாண் குறைந்த திரை

விஹ்ரா நின்றுகொண்டு பேசுகிறவளாக இருந்திருந்தால் மில்காவுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நின்று பேசுகிற பெண்களைச் சமாளிப்பது அவளுக்குப் பழக்கம்; தையல் கூடத்தில் தினமும் அந்த மல்லுக்கட்டுதான். இவளோ உட்கார்ந்திருந்தாள். லாசரைப் போலவே ஒரு சக்கர நாற்காலியில், லாசரின் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்துக்கொண்டு. லாசர் செர்ரி மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் இழந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து மில்கா தன் புருஷனோடு குனிந்துதான் பேசுகிறாள், அவன் அண்ணாந்துதான் பதில் சொல்கிறான். இரண்டு பேருக்கும் கழுத்து வலி. வந்ததும் வராததுமாக இந்தப் பெண் அவனோடு நேருக்கு நேர் பேசிச் சிரித்துவிட்டாள்.

போதாக்குறைக்குச் சக்கரம் துடைக்கிற விஷயம். தெருவில் போட்ட செருப்போடு யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது மில்காவின் சட்டம். அந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான் சட்டம். லாசர் வெளியே போய் வந்தால் மில்கா ஈரத்துணியோடு வாசலில் மண்டியிட்டுச் சக்கரங்களைத் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவாள். விஹ்ரா வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு துணியோடு குனியப் போனாள்.

"ஐயோ, வேணாம் மில்கா அக்கா," என்றாள் விஹ்ரா. நாற்காலியின் பையிலிருந்து தன் துணியை எடுத்தாள். ஒரு கையால் துணியைச் சக்கரத்தின் மேல் அழுத்திப் பிடித்து, மறு கையால் நாற்காலியை மெல்ல உருட்டினாள். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். சக்கரம் சுத்தம்.

லாசர் வாயைப் பிளந்து பார்த்தான். "அட, இவ்வளவுதானா? இதுக்கா மூணு வருஷமா இவளை முட்டி போட வெச்சேன்!"

மறுநாளிலிருந்து அவன் தன் சக்கரத்தைத் தானே துடைத்துக்கொண்டான். மில்காவின் முழங்கால் பிழைத்தது, வயிறுதான் எரிந்தது. 'அக்காவாம்! மிஞ்சிப்போனால் நாலு வயது வித்தியாசம் இருக்கும்' என்று அதையும் சேர்த்து மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

விஹ்ரா வந்தது குளியலறையைப் பார்க்க. சக்கர நாற்காலிக்காரர்களின் சங்கத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வீடு வீடாகப் போய் எந்தக் கதவை அகலமாக்க வேண்டும், எந்தப் படியை உடைக்க வேண்டும் என்று சொல்வாள். லாசர் சங்கத்துக்கு உடற்பயிற்சிக்குப் போன இடத்தில் அவளைப் பிடித்திருந்தான். "எங்க வீட்டுக் குளியலறையை ஒரு தடவை வந்து பாரேன்" என்று கூப்பிட்டானாம். 'பாருங்களேன்' இல்லை, 'பாரேன்'. மில்கா இதையும் கவனிக்காமல் விடவில்லை.

டான்யூப் கரையில் இருக்கும் ரூசே நகரத்தின் பழைய அடுக்குமாடிகளில் குளியலறை என்றால் அறை முழுக்க நனைந்தாக வேண்டும். சுவரில் ஷவர், தரையில் ஒரு வடிகால் ஓட்டை, வாசலில் கணுக்காலுக்கு மேலே நிற்கும் ஒரு படி. அவ்வளவுதான் ஏற்பாடு. கண்ணாடி நனையும், துண்டு நனையும், கழிப்பறைக் காகிதம் கூழாகும். ஆனால் அந்தப் படி இருக்கிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வெளியே மரத்தளத்துக்கு வராது. 

சனிக்கிழமைதோறும் மில்கா லாசரை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, நாற்காலியோடு சாய்த்து, அந்தப் படியைத் தாண்டி உள்ளே இழுப்பாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கப்பல் தரை தட்டுகிறது என்று டான்யூப் துறைமுகத்துக் கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக் கத்துவான். அவள் தலைக்கு ஷாம்பூ போடுவாள், முதுகு தேய்ப்பாள், உணர்ச்சியற்ற கால்களில் புண் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்ப்பாள். வேறு எங்கும் சொல்லாததை அவன் அங்கே சொல்வான். விபத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஓட்டிய கிரேனைக் கனவில் ஓட்டியதை, அவனைப் பார்க்க வராத பழைய கூட்டாளிகள் மேலுள்ள கோபத்தை, சில சமயம் ஒன்றுமில்லாத ஏதோ ஒரு ஜோக்கை. அவன் அழுதாலும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் லாசர் முழுக்க அவளுடையவன். 

"என் முதுகே போச்சு" என்று மில்கா எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்தான். புது வளையலைக் காட்டுகிறவள் போலத்தான் அதைச் சொல்வாள்.

"ஒரு ஜக் தண்ணி கொடுங்க அக்கா," என்றாள் விஹ்ரா. வாங்கி, படிக்கு இந்தப் பக்கமிருந்தபடியே குளியலறைத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் வடிகாலைச் சீண்டாமல் வளைந்து போய் மூலையில் குந்திக்கொண்டது.

"பாத்தீங்களா? ஓட்டை இங்க இருக்கு, தண்ணி அங்க போய் உக்காந்திருக்கு. வாட்டமே இல்ல. படி இருந்ததால யாருக்கும் கவலையில்ல."

"படிய உடைச்சாதான் நான் உள்ள போக முடியும்," என்றான் லாசர்.

"உடைச்சா தண்ணி வெளிய வரும்," என்றாள் மில்கா, சட்டென்று. "தரை பூரா மரம். கீழ தீமோ அண்ணன் வீடு. இது சரிப்பட்டு வராது."

"வரும்," என்றாள் விஹ்ரா. "தரைய மொத்தமா பெயர்த்து, வாசல்லேருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் ஒரே வாட்டம் கொடுக்கணும். சுவரோரமா நீளமா ஒரு வடிகால், மேல சல்லடை. படி இருந்த இடத்துல ஒரு ரப்பர் பட்டை. சக்கரம் ஏறினா படுத்துக்கும், தாண்டினா எழுந்துக்கும். அதுக்கு உள்பக்கமா ஒரு திரை. கனமான திரை, நாலு விரல் தரையில புரளணும். தண்ணி சுவத்துல அடிச்சாலும் திரையில அடிச்சாலும் வழிஞ்சு உள்ளயே விழும். என் வீட்டுல பத்து வருஷமா இப்படித்தான்."

"அப்போ நானே உள்ள போய், நானே குளிச்சிட்டு, நானே வரலாம்?"

"நீயே. கதவைச் சாத்திக்கிட்டு."

"கதவைச் சாத்திக்கிட்டு!" என்றான் லாசர். அதை அவன் சொன்ன விதம் இருக்கிறதே! மில்கா அடுப்பைப் பார்க்கப் போகிற சாக்கில் சமையலறைக்குப் போய், எரியாத அடுப்பின் முன்னே நின்றாள்.

வேலை ஆரம்பித்தது. படி உடைந்தது, தரை உடைந்தது, வீடெல்லாம் தூசி. விஹ்ரா அடிக்கடி வந்தாள், வராத நாளில் தொலைபேசியில் வந்தாள். லாசர் பால்கனிக்குப் போய்ப் பேசுவான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் தோள் குலுங்குவதை மில்கா பார்ப்பாள்.

"என்ன அவ்வளவு சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல, வடிகால் பத்தி."

"வடிகால்ல சிரிக்க என்ன இருக்கு?"

"அது உனக்குப் புரியாது மில்கா. ஒரு தடவை அவ மாட்டிக்கிட்டாளாம், முன்சக்கரம் சல்லடைக்குள்ள..." சொல்ல ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

உனக்குப் புரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளிடம் சொல்லாத வார்த்தை.

டைல்ஸ் பதிப்பதற்கு முன்னால், நீர் கசியாத பூச்சு பூசி, வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பகல் முழுக்க. கீழ்வீட்டுத் தீமோ அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தன் கூரைக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார். அண்ணாந்து படுக்க வசதியாக ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, கையில் ரக்கியாச் சாராயக் கோப்பையோடு காவல் இருந்தார். மாலையில் மேலே வந்து, "ஒரு சொட்டு இல்லம்மா. என் கோப்பைதான் காலி," என்று விஹ்ராவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். லாசர் அவளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை. தான் பெற்ற பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணியது போல.

கடைசியில் பாக்கியிருந்தது திரை ஒன்றுதான்.

"திரையை அக்கா தைக்கட்டும்," என்றாள் விஹ்ரா. "அவங்க கையை விட நல்ல கை கிடைக்குமா? கனத்துக்கு ஓரத்துல ஈயச் சரடு வெச்சு மடிச்சுருங்க அக்கா. மறந்துடாதீங்க, நாலு விரல் தரையில புரளணும்."

தரையில் புரளுகிற திரை! மில்காவின் வீட்டில் எந்தத் திரையும் தரையைத் தொடாது. ஒரு விரல் உயரத்தில், கோடு போட்டது போல நிற்கும். திரை தரையைக் கூட்டுகிற வீட்டில் பெண்டாட்டி கூட்டமாட்டாள் என்பது அவள் தாய்வழியில் வந்த பேச்சு. இருந்தாலும் தைத்தாள். சொன்னபடி, சொன்ன நீளத்துக்கு, ஈயச் சரடு வைத்து. தொழில்காரியின் கை தப்பாகத் தைக்காது.

தைத்து முடித்த மாலை, லாசர் பால்கனியில் தொலைபேசியோடு இருந்தான். மில்கா திரையை மடித்து வைக்கப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவன் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரியச் சிரித்தான். மரத்திலிருந்து விழுந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் கூட இல்லை.

மில்கா கத்தரிக்கோலை எடுத்தாள். ஈயச் சரடு ஓடிய ஓரத்தை முழு அகலத்துக்கும், ஒரு சாண் உயரத்துக்கு மேலேயே நறுக்கினாள். புதிதாக மடித்து, மெஷினில் ஓட்டி, சுருட்டி வைத்தாள். ஈரத்தில் புரண்டால் பூஞ்சை பிடிக்கும், சுத்தம் முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். வெட்டிய துண்டைக் குப்பையில் போட மனம் வராமல் துணிப்பைக்குள் அடியில் திணித்தாள்.

அந்த வாரம் விஹ்ராவுக்கு வெளியூரில் வேலை. லாசருக்கோ பொறுமை இல்லை. சனிக்கிழமை காலையிலேயே திரையை மாட்டச் சொன்னான். மில்கா மாட்டினாள். அவன் புதிதாக வாங்கிய, சக்கரம் வைத்த குளியல் நாற்காலிக்குத் தானே மாறினான். ரப்பர் பட்டை அவன் சக்கரத்துக்குப் பணிந்து படுத்து, பின்னால் எழுந்துகொண்டது.

"கதவைச் சாத்திடு மில்கா."

அவள் சாத்தினாள். முழுக்க இல்லை, ஒரு கை அகலம் விட்டு. பால்கனி அடுப்பில் குடைமிளகாய் வெந்துகொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு எல்லாரும் சுட்டு வைக்கிற செப்டம்பரில் அந்தக் கட்டடம் முழுக்க அதே வாசனைதான். போய்த் திருப்பிப் போட வேண்டும். அவள் போகவில்லை. தாழ்வாரத்தில், கதவின் இடைவெளிக்கு எதிரே, வீட்டுச் செருப்போடு நின்றாள். எப்படியும் கூப்பிடுவான். சோப்பு நழுவும், கண் எரியும். 'மில்கா!' என்பான். அவள் உடனே போகமாட்டாள், கொஞ்சம் தாமதித்துத்தான் போவாள்.

ஷவர் திறந்தது. லாசர் சீட்டி அடித்தான். சோப்பு நழுவவில்லை.

முதலில் ஒரு மெல்லிய ஈரக் கோடு ரப்பர் பட்டையைத் தாண்டி எட்டிப் பார்த்தது. கனமில்லாத திரை உள்ளே உப்பிப் போய் அவன் காலோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடியில் திறந்த வழியாகத் தண்ணீர் தெறித்தது. கோடு அகன்றது. மரத்தளத்தின் இடுக்குகளில் ஓடியது. மில்கா பார்த்தாள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிப்பைத் திருடித் தின்கிற சந்தோஷம். பார்த்தாயா விஹ்ரா, உன் வாட்டமும் உன் பட்டையும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், அவன் குழாயை மூடிவிடுவான். அவள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் செருப்புக்கு வந்தது, செருப்புக்குள் வந்தது, காலுறை நனைந்தது. அப்போதும் நின்றாள். உள்ளே சீட்டிச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

பிறகு எல்லா வீட்டுக்கும் ஓடுகிற ஹீட்டர் குழாய் அலறியது. டங், டங், டங். கீழே தீமோ அண்ணன் கரண்டியால் அடிக்கிறார். அந்தக் கட்டடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மேல்வீட்டுத் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது.

அவர் மேலே வந்தபோது தோளில் சுண்ணாம்பு ஈரம் சொட்டியது. பால்கனியில் குடைமிளகாய் கரியாகி, புகை சமையலறைக்குள் நுழைந்திருந்தது.

"ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் தீ! நீங்க குடும்பம் நடத்துறீங்களா, உலகத்தை அழிக்கிறீங்களா?" என்று கத்தினார். "எங்க அந்தச் சக்கர அம்மா? கை வேற கொடுத்தேன் அவளுக்கு! நம்பர் இருக்கு என்கிட்ட, இப்பவே கேக்குறேன்."

லாசர் நனைந்த தலையோடு கதவருகே இருந்தான். மில்கா தரையைத் துடைத்தாள். துடைக்கிற கை சுறுசுறுப்பாக இருந்தது.

"சரி," என்றான் லாசர் கடைசியில். "பழையபடி நீயே குளிப்பாட்டு."

மில்கா ஜெயித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வைத்தாள், திரையை ஒதுக்கிக் கட்டினாள், வாசலில் பழைய துண்டுகளைச் சுருட்டி அணை போட்டாள். ஷாம்பூ போட்டாள், முதுகு தேய்த்தாள், கால் விரல்களைப் பார்த்தாள். லாசர் பேசவில்லை. கப்பல் தரை தட்டவில்லை. தலையைச் சாய்க்கச் சொன்னால் சாய்த்தான், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினான். சுவரைக் கழுவுவது போல இருந்தது.

"தண்ணி சுடுதா?"

"இல்ல."

"எதாவது சொல்லேன்."

"என்ன சொல்ல?"

அவள் அவன் தலையில் தண்ணீரை ஊற்றினாள். கை நிறைய அவன்தான் இருந்தான், ஆனாலும் கையில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. இதற்கும் விஹ்ராதான் காரணம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்தால் கொஞ்சம் இதமாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு.

செவ்வாய்க்கிழமை விஹ்ரா வந்தாள். பின்னாலேயே தீமோ அண்ணனும் சாட்சி சொல்ல ஏறி வந்தார். விஹ்ரா சிரிக்கவில்லை. சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். ஜக்கை வாங்கித் தரையில் ஊற்றினாள். தண்ணீர் ஒரே ஓட்டமாக எதிர்ச் சுவருக்கு ஓடிச் சல்லடைக்குள் மறைந்தது. ரப்பர் பட்டையை விரலால் அழுத்திவிட்டு விட்டாள், எழுந்துகொண்டது. பிறகு கட்டியிருந்த திரையை அவிழ்த்தாள்.

திரை தொங்கியது. அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை குனியாமல் போகலாம்.

விஹ்ரா கையை நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்தாள். கனமில்லை. மடிப்பைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து மில்காவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். மில்காவுக்குக் காது வரை சூடேறியது.

"என் தப்புதான்," என்றாள் விஹ்ரா, ஆண்கள் பக்கம் திரும்பி. "அளவு நான்தான் தப்பா கொடுத்தேன். அக்கா நான் சொன்னபடிதான் தைச்சிருக்காங்க. தீமோ அண்ணே, உங்க கூரைக்குச் சங்கத்துலேருந்து நானே ஆள் அனுப்பி வெள்ளை அடிச்சுத் தர்றேன்."

வயிற்றெரிச்சல் என்று மில்கா அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இவள் நேரே பார்த்துப் பேசினாள், சக்கரம் துடைத்தாள், புருஷனைச் சிரிக்க வைத்தாள். இப்போது தனக்காகப் பழியையும் சுமப்பாளாம்! லாசர் காலமெல்லாம் இவளை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருப்பான், தானும் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது மட்டும் முடியாது.

"பொய் சொல்றா!" என்று கத்தினாள் மில்கா. "அவ அளவு சரியாத்தான் கொடுத்தா. நானும் சரியாத்தான் தைச்சேன். அப்புறம் நான்தான் வெட்டினேன். நானே! என் கத்தரியால! எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம்."

துணிப்பையை இழுத்துக் கவிழ்த்தாள். ஈயச் சரடோடு அந்தத் துண்டு பொத்தென்று தரையில் விழுந்தது.

தீமோ அண்ணன் துண்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாய் திறந்தபடி நின்றார்.

"தெரியும்," என்றான் லாசர்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். திரைக்கு அடியில உன் செருப்பு தெரிஞ்சுது மில்கா. நான் உக்காந்திருக்கிற உயரத்துக்கு நல்லாவே தெரிஞ்சுது. தண்ணி உன் காலுக்கு வந்துச்சு. இப்ப சொல்லுவா, இப்ப கூப்பிடுவான்னு பாத்தேன். நீ அசையல."

மில்கா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"அப்புறம் எனக்கும் வீம்பு வந்துடுச்சு. ஷவரை எடுத்து அந்தச் சந்துப் பக்கமாவே திருப்பிப் பிடிச்சேன். நீ எவ்வளவு நேரம்தான் நிப்பேன்னு பாக்கலாம்னு."



"அடப்பாவிங்களா!" என்றார் தீமோ அண்ணன். "புருஷன் பொண்டாட்டி சண்டை போட உங்களுக்கு என் கூரைதான் கிடைச்சுதா? ஒரு சாண்னு ஒருத்தி வெட்டினா, ஒரு முழம்னு ஒருத்தன் ஊத்துறான்! தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. ரெண்டு பேரும் வந்து வெள்ளை அடிங்க. நீ மேல, அவன் கீழ."

விஹ்ரா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பினாள். வாசலில், மில்காவின் அருகே நின்றாள்.

"துண்டைத் திரும்பச் சேர்த்து மெஷின் தையல் போடுங்க அக்கா, ரெட்டையா," என்றாள். "அந்த இணைப்புலதான் தண்ணி முதல்ல வழி தேடும்."

"எனக்குத் தெரியும்," என்றாள் மில்கா. அப்படியும் அவளைப் பிடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மில்கா தரையில் கிடந்த துண்டை எடுத்தாள். லாசர் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"என்னை விட்டுட்டுத் தனியா குளிக்க அவ்வளவு ஆசையா உனக்கு? கதவைச் சாத்திக்கிட்டு?"

"ஆமா."

"அவ சொல்லிக் கொடுத்தாளா?"

"அவ வடிகால்தான் சொல்லிக் கொடுத்தா." லாசர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு வருஷமா நீ என்னைத் தொடும்போதெல்லாம் உன் கையில சோப்பு இருக்கு மில்கா. இல்லன்னா மருந்து இருக்கு. நான் என்னை நானே கழுவிக்கிட்டா, உன் கை சும்மா இருக்கும்னு நினைச்சேன்."

மில்கா மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஊசி முனையே தெரியவில்லை, கண் அப்படி மறைத்தது. ஆனாலும் இரட்டைத் தையல் போட்டாள். திரையின் அடியில் குறுக்கே ஒரு தழும்பு போல அந்த இணைப்பு கிடந்தது. எந்தப் பெண் வந்து பார்த்தாலும் இது என்ன தையல் என்று கேட்பாள். கேட்கட்டும்.

சனிக்கிழமை லாசர் உள்ளே போனான். மில்கா கதவைச் சாத்தினாள், இந்த முறை முழுக்க. தாழ்வாரத்தில் செருப்போடு நின்றாள். ஷவர் திறந்தது. சீட்டிச் சத்தம் வந்தது. கதவின் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. மரத்தளம் காய்ந்து கிடந்தது. அவன் தோளில் இப்போது எது வழிகிறதோ அந்தத் தண்ணீர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு கெட்டுப் போயிருந்தாள்.

சத்தம் நின்றது.

"மில்கா!"

அவள் தாமதிக்கவில்லை. கதவைத் திறந்தாள். "என்ன? முதுகு தேய்க்கவா?"

"வேணாம். தேய்ச்சாச்சு."

"தலை?"

"அதுவும் ஆச்சு. எல்லாம் ஆச்சு. சும்மா உள்ள வா."

"நனைஞ்சிடுவேன்."

"அதுக்குத்தானே கூப்பிடறேன்."

மில்கா செருப்பைக் கழற்றித் தாழ்வாரத்தில் ஓரமாக வைத்தாள். மூலையில் வேலையற்றுக் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கண்ணில் பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு, திரையின் ஓரத்தை விலக்கி, போட்டிருந்த உடுப்போடு உள்ளே போனாள். போனதும் முதல் வேலையாகக் குனிந்து, திரை பட்டைக்கு உள்பக்கம் நாலு விரல் புரள விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்திருந்தது.

பிறகு நாற்காலியை அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். லாசர் ஷவரைத் திறந்தான். இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் கொட்டியது. அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவளும் குனிய வேண்டியிருக்கவில்லை.